பாலாறும் படகும்: செவிலிமேட்டுக் கரையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

ஓர் ஆற்றின் இயல்பை முழுதும் அறிய விழைந்த அறிஞர் பலர், தோணியேறித் திங்கள் கணக்கில் அவ்வாற்றோடு சென்றே அதனை அறிந்தனர். நீரின் நிறம், கரையின் மரம், வலையில் வீழும் மீன், வந்து தங்கும் பறவை, கரைவாழ் குடிகளின் தொழில் ஆகிய இவற்றை நாள்தோறும் குறித்துச் செல்லும் அம்முறை, கடந்த இருநூற்றிருபது ஆண்டுகளில் ஆற்றியல் என்னும் அறிவுத்துறைக்கே அடிகோலியது. அம்முறையால் நம் பாலாற்றை ஆராய இயலுமா? இயலாதாயின், பாலாற்றின் வரலாற்றை எவ்விடத்திலிருந்து, எச்சான்று கொண்டு எழுதுவது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காஞ்சிமாநகரின் தென்கோடியில், பாலாற்றின் வடகரையில் அமைந்தது செவிலிமேடு. நெடுங்காலம் தனிப் பேரூராக விளங்கிய இவ்வூர் இன்று காஞ்சிபுரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. பட்டுத்தறி ஒலிக்கும் இதன் தெருக்களைக் கடந்து தெற்கே சென்றால் வந்தவாசிச் சாலையின் பாலம் தோன்றும். பாலத்தின்கீழ் ஆண்டில் பெரும்பகுதியும் நாம் காண்பது நீரன்று. அகன்ற மணற்பரப்பும், நாணலும், இடையிடையே சீமைக்கருவேலுமே. முதுகலை மாணவர் சிலருடன் யாம் ஒரு கோடைநாளில் அங்கு நின்றபோது, "இங்குப் படகு ஓடியதுண்டா?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். அருகிருந்த முதிய நெசவாளர் ஒருவர் சிரித்து, "ஆறு செத்துப் போகலைங்க ஐயா, கீழே போயிருக்கு, பறிச்சாத்தான் தெரியும்" என்றார். அவர் கூற்று எவ்வளவு ஆழமான வரலாற்று உண்மை என்பதைப் பின்னர்ச் சான்றுகளைத் தேடியபோதே உணர்ந்தோம்.

1. கி.பி. 1800: இரு பயணங்கள்

செருமானிய அறிஞர் அலெக்சாந்தர் ஃகம்போல்ட்டு, கி.பி. 1800 மார்ச்சுத் திங்கள் இறுதியில், தென்னமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றுப் பயணத்தைத் தொடங்கினார். உடன் சென்றவர் பிரெஞ்சு நாட்டுச் செடிநூலறிஞர் போன்பிளான். அவர்கள் பெரும்பகுதியும் சென்றது ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த தோணியில். செடிகளையும், கூண்டிலிட்ட குரங்குகளையும் பறவைகளையும், அளவைக் கருவிகளையும் அத்தோணியிலேயே சுமந்து, கொசுக்கடிக்கு நடுவே ஏறத்தாழ எழுபத்தைந்து நாள் சென்றனர். ஒரினோகோவையும், அமேசானில் கலக்கும் நீக்ரோ ஆற்றையும் காசிக்கியாரே என்னும் இயற்கை நீர்வழி இணைப்பதை அளந்து நிறுவினர்.

அதே ஆண்டு ஏப்பிரல் 23ஆம் நாள் மற்றொருவர் சென்னையிலிருந்து புறப்பட்டார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் பிரான்சிசு புக்கானன். திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின், புதிதாகக் கைவந்த நாடுகளின் வேளாண்மையையும் தொழிலையும் ஆராயுமாறு வெல்லெசுலி பிரபு அவரை ஏவினார். காஞ்சிபுரத்தின் வழியாக மேற்கே சென்று மைசூர், கன்னடம், மலையாளம் ஆகிய நாடுகளைக் கண்டு அவர் எழுதிய நாட்குறிப்பு 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பிற்காலத்தில் வங்கநாட்டில் ஆறுகளினூடே ஆராய்ந்து, கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822இல் பெருநூல் வெளியிட்டவரும் இவரே. அந்நூலில் அவர் செய்த ஒரு செயல் மொழியாராய்ச்சியாளராகிய நமக்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. ரோகிதம், கத்லா, மிருகால் என அந்நாட்டார் வழங்கிய பெயர்களையே அவர் மீனினங்களின் அறிவியற் பெயர்களாக்கினார். இன்றும் உலகெங்கும் அப்பெயர்களே வழங்குகின்றன.

கங்கையைப் படகின் துணையால் அறிந்த அதே புக்கானன் தொண்டைநாட்டைத் தரைவழியே கடந்தார். அவர் பாலாற்றுப் பகுதியைக் கண்டது கோடையின் தொடக்கத்தில். வழியில் அவர் கருத்தை ஈர்த்தவை ஏரிகள். செம்பரம்பாக்கம், காவேரிப்பாக்கம் ஆகிய பேரேரிகளை அவர் வியந்து குறித்தார். ஒரே அறிஞர் வங்கத்தில் ஆற்றையும், தொண்டைநாட்டில் ஏரியையும் முதன்மையாகக் கண்டது தற்செயலன்று. ஆராயும் முறையை அவ்வந்நாட்டு நீரே வகுத்துவிடுகிறது.

2. இலக்கியத்துள் ஆறும் கலமும்

தமிழர் ஆற்றில் கலம் செலுத்தியதற்கு இலக்கியச் சான்று மிகுதி. அம்பி, ஓடம், தோணி, பஃறி, புணை, பரிசில் எனப் பெயர்களே பல. உப்பை விற்று நெல்லொடு மீண்ட பஃறிகளைக் காவிரிப்பூம்பட்டினத்தில் காட்டுகிறது பட்டினப்பாலை. சிலப்பதிகாரம், வையைத்துறையில் குதிரைமுகமும் யானைமுகமும் அரிமாமுகமும் உடைய அம்பிகளைக் காட்டுவதோடு, அவ்வாற்றின் கரைமரங்களையும் மலர்களையும் வரிசையாக எடுத்துரைக்கிறது. ஆற்றைக் கடப்போர் கண்ணால் ஆற்றின் உயிர்ச்சூழலை எழுதிக்காட்டும் பகுதி அது.

பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பெரும்பாணாற்றுப்படையில் பாடினார். ஒரே புலவர் காவிரிநாட்டையும் தொண்டைநாட்டையும் பாடியமையால் இவ்விரு நூல்களையும் ஒப்பிடுதல் பயன் தரும். பெரும்பாணாற்றுப்படை ஐந்நூறு அடிகளில் ஒரு நெடும்பயணத்தை விரிக்கிறது. உப்பு வணிகராகிய உமணர், எயினர், கோவலர், உழவர், வலைஞர், அந்தணர் ஆகியோர் இருக்கைகளையும், நீர்ப்பெயற்று என்னும் கடற்றுறையையும் காட்டி, திருவெஃகாவைக் கடந்து காஞ்சியில் முடிகிறது. நிலம், உணவு, விலங்கு, தொழில் ஆகியவற்றை இடந்தோறும் குறித்துச் செல்வதால், இதனை ஒரு நிலவியல் ஆய்வுப் பயணம் எனினும் பொருந்தும். எனினும் பாணன் இப்பயணம் முழுதும் நடந்தே செல்கிறான். ஆற்றின் வழியே கலமேறிச் செல்லவில்லை. கலங்கள் தோன்றுவது கடற்றுறையில்.

'ஆறு' என்னும் சொல் தமிழில் நதியையும் வழியையும் குறிக்கும். காவிரியிலும் வையையிலும் இவ்விரு பொருளும் ஓரளவு ஒன்றுபட்டன. பாலாற்றிலோ அவை பிரிந்தே நின்றன. ஆறு வழியாகவில்லை, வழி ஆற்றைக் குறுக்கே கடந்து சென்றது. செவிலிமேட்டுத் துறையும் அத்தகைய ஒரு கடவே.

முகத்துவாரத்தின் நிலை வேறு. பாலாறு வயலூரை அடுத்துக் கடலில் கலக்கிறது. அவ்விடத்திற்கு அண்மையிலுள்ள வசவசமுத்திரத்தில் நிகழ்ந்த அகழாய்வில் உரோம நாட்டு மதுச்சாடிகளின் உடைவுகள் கிடைத்தன. நீர்ப்பெயற்று அதுவே என்று கருதும் அறிஞரும் உளர். பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் பாலாற்று முகத்துவாரத்தை ஊடறுத்துச் சென்றது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை அக்கால்வாயில் படகிற் சென்ற செலவைப் பாரதிதாசன் பாடினார். ஆயினும் இக்கலங்கள் கடலுக்கும் கால்வாய்க்கும் உரியனவே. பாலாற்றின் நீளத்திற்கு உரியன அல்ல.

3. திணைநூலார் கண்ட நீர்

பாலாறு வற்றுவதை அண்மைக்கால நிகழ்ச்சி என்று மட்டும் கருதுவோர் பலர். ஆற்றின் இன்றைய அழிவில் மனிதர் பங்கு பெரிது. அதனைப் பின்னர்க் கூறுவோம். ஆயினும் பருவமழையொன்றையே நம்பிய ஆறு கோடையில் மணலாக நிற்பது பழைய இயல்பு. இவ்வியல்பை விளக்கத் தமிழிலக்கண மரபே நமக்கு ஒரு கருவியைத் தந்துள்ளது.

தொல்காப்பியம் வகுத்த கருப்பொருள்களோடு, பின்வந்த அகப்பொருள் நூலாரும் உரையாசிரியரும் ஊர், பூ முதலியவற்றுடன் நீரையும் சேர்த்து எண்ணினர். குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், முல்லைக்குக் காட்டாறு, மருதத்திற்கு ஆறும் மனைக்கிணறும் பொய்கையும், நெய்தலுக்கு மணற்கிணறும் உவர்நீரும், பாலைக்கு நீரற்ற கூவல் என அவர் பகுத்தனர். நிலத்தை அதன் நீர்நிலையால் அடையாளங் காணும் இப்பகுப்பு இன்றைய உயிர்ச்சூழல் நூலார் கருத்தோடு மிக நெருங்கியது.

இப்பகுப்பைக் கொண்டு செவிலிமேட்டு ஆற்றை நோக்கின், வெள்ளக்காலத்தில் அது மருதத்து ஆறு. வேனிலில் அதே பரப்பு மணற்கிணற்று நிலம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் கூறும். பாலாற்றின் படுகையோ ஆண்டுதோறும் திரிந்து, ஆண்டுதோறும் மீள்வது. ஆகவே ஒரு பருவத்தில் ஒரு படகில் சென்று அதன் இயல்பை வரையறுக்க முயல்வோர் பாதி உண்மையையே காண்பர்.

4. செப்பேடுகள் காட்டும் ஆறு

எனில் முழு உண்மை எங்குள்ளது? பல்லவர் செப்பேடுகளில் உள்ளது என்பது எம் கருத்து.

முதலாம் பரமேசுவரவர்மனது கூரம் செப்பேடு (ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி), பரமேசுவர தடாகம் என்னும் ஏரியையும், அதற்கு நீர் கொணரப் பாலாற்றிலிருந்து வெட்டப்பட்ட பெரும்பிடுகு என்னும் காலையும் குறிக்கிறது. கூரம் காஞ்சிக்கு வடக்கே உள்ளது. ஆற்றின் வெள்ளத்தை நெடுந்தொலைவு கொண்டு சென்று ஏரியிற் சேர்க்கும் திட்டம் அது. இரண்டாம் நந்திவர்மனது இருபத்திரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த காசக்குடிச் செப்பேடு, சேயாறு, வெஃகா, திரையன் ஏரி ஆகியவற்றிலிருந்து கால்கள் தோண்டிக்கொள்ளும் உரிமையை வழங்குகிறது. அக்கால்களில் முறைகேடாக நீர் கொள்வோர் அரசனுக்குத் தண்டம் இறுத்தல் வேண்டும் என்றும் அது விதிக்கிறது. சேயாறு என்பது இன்றைய செய்யாறு. வெஃகா என்பது காஞ்சியின் வேகவதி. இவ்விரண்டும் பாலாற்றோடு கூடுமிடமே திருமுக்கூடல்.

இவ்வேடுகளிலும் பிற சாசனங்களிலும் பயிலும் சொற்களை உற்றுநோக்குதல் வேண்டும். ஆற்றுக்கால் என்பது ஓடும் நீரைக் கொள்வது. வெள்ளக்கால் என்பது பெருக்கு வந்தபோது மட்டும் பாய்வது. ஊற்றுக்கால் என்பது வறண்ட மணலைப் பறித்து, உள்ளே ஊறும் நீரைத் திரட்டிக் கொணர்வது. ஆறு இருக்கும் மூன்று நிலைகளுக்கு மூன்று கால்கள். மூன்றற்கும் தனித்தனிப் பெயர். ஆற்றின் மேற்பரப்பு வற்றியபின்னும் அதனை ஆறாகவே கருதி, அதன் அகத்து நீருக்கு உரிமையும் முறையும் வகுத்தவர் நம் முன்னோர். புக்கானன் கங்கை மீன்களுக்கு உள்ளூர்ப் பெயரைப் போற்றியது போல, பாலாற்றை ஆராய்வோர் போற்றத்தக்க அறிவியற் சொற்கள் இவையே.

ஊர்ப்பெயரும் ஆற்றுப்பெயரும் இவ்வகையிற் சான்றாவன. பாலாற்றை வடமொழியில் க்ஷீரநதி என வழங்கினர். வடக்கேயுள்ள கொற்றலையாற்றுக்கோ விருத்தக்ஷீரநதி, அதாவது பழைய பாலாறு, என்னும் பெயர் உண்டு. ஆறு முற்காலத்தில் வடகிழக்கே ஓடிப் பின்னர்த் தென்கிழக்கே திரும்பியது என்று நிலநூலார் கூறுவதை இப்பெயர் தன்னுள் பொதிந்து வைத்துள்ளது.

5. படகு இருந்த இடம்

தொண்டைநாட்டில் உள்நாட்டுப் படகே இல்லை என்று எண்ணற்க. அது இருந்த இடம் ஏரி. ஏரியில் ஓடம் விட்டு, படிந்த வண்டலை வாரிக் கரையில் இடுவதற்கு நிவந்தம் அளித்த செய்தியைக் கல்வெட்டுகள் சில கூறுகின்றன. ஆற்றுவெள்ளம் ஏரியில் கொணர்ந்து சேர்க்கும் வண்டலை ஆண்டுதோறும் அகற்றாவிடின் ஏரி தூர்ந்துவிடும். ஆதலின் அவ்வோடம் செல்லும் கலமன்று; காக்கும் கலம். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலையால் தேர்ந்தெடுக்கும் வாரியங்களை விதிக்கின்றன, அவற்றுள் அறுவர் கொண்ட ஏரிவாரியமும் ஒன்று. செவிலிமேட்டிலிருந்து பாலாற்றைக் கடந்து வந்தவாசிச் சாலையிற் சென்றால் தோன்றும் மாமண்டூரின் பேரேரியைச் சித்திரமேக தடாகம் எனக் கல்வெட்டு வழங்குகிறது. மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், தென்னேரி என இவ்வரிசை நீளும். ஆற்றின் உடல் ஓடுகாலில் மட்டுமின்றி இவ்வேரிகளிலும் பரந்து கிடந்தது.

6. செவிலிமேட்டுச் சான்று

இனிச் செவிலிமேட்டிற்கே மீள்வோம். குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறு ஒன்று இவ்வூரோடு தொடர்புடையது. விந்தியக் காட்டில் வழிதப்பிய இளைய இராமாநுசரை வேடர் இணையர் இருவர் அழைத்து வந்தனர். வேடனின் மனைவி நீர்வேட்கை கொண்டாள். இராமாநுசர் சாலைக்கிணற்றில் நீர் முகந்து அளித்தார். பின்னர் இருவரும் மறைந்தனர். வந்தவர் வரதரும் பெருந்தேவியுமே எனத் தெளிந்த அவர், அக்கிணற்று நீரையே நாள்தோறும் வரதர்க்குச் சுமந்தார் என்பது அவ்வரலாறு. அச்சாலைக்கிணறு செவிலிமேட்டில் இன்றும் காட்டப்படுகிறது. சமயப் பொருளை விடுத்து வரலாற்று நோக்கிற் காணினும், பாலாற்றங்கரையில் நன்னீர் கொள்ளும் இடம் ஓடுகாலன்று, கிணறே என்னும் நினைவு அக்கதையில் உறைந்திருப்பது தெளிவு.

மற்றொரு வழக்கம் இதனினும் வலிய சான்று. சித்திரைப் பௌர்ணமியன்று வரதராசப் பெருமாள் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருள்வார். படிகளால் நிலத்தினுள் இறங்கும் கிணறு அது. அதன்பின் பாலாற்று மணலைப் பறித்து நீர் ஊறச்செய்து நிகழும் விழாவிற்கு ஊறல் என்பது பெயர். செப்பேட்டின் ஊற்றுக்காலும் திருவிழாவின் ஊறலும் ஒரே வினையடியிற் பிறந்தவை. ஏட்டில் எழுதிய நீரறிவை, ஆண்டுக்கொருமுறை மக்கள் அனைவரும் காணச் செய்துகாட்டும் நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம். கோடை நடுவில், ஆறு முற்றும் வறண்டதாகத் தோன்றும் நாளில் இது நிகழ்வதையும் கருதுக.

7. அளவையும் இழப்பும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நாடு கம்பெனியின் சாகீராக இருந்தபோது, தாமசு பார்னார்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ ஈராயிரம் ஊர்களை அளந்தார். ஊர்க்கணக்கர் ஓலைகளில் இருந்த நிலமும் ஏரியும் குடியும் அவ்வளவையில் இடம்பெற்றன. லயோனல் பிளேசு 1799இல் அளித்த அறிக்கையும் ஏரிகளைப் பெரிதும் பேசுகிறது. இவர்கள் கணக்கு வரியை நோக்கியது. எனினும் ஊரையும் ஏரியையும் தொட்டு எழுதியமையால் நீர்வரலாற்றுக்கு உதவுகிறது.

பின்வந்த காலத்தில் பார்வை மாறியது. குடிமராமத்து தளர்ந்தது. ஊற்றுக்கால் பறித்த இடத்தில் எண்ணெய்ப் பொறியும் மின்பொறியும் வந்தன. கருநாடகத்து நந்திமலையில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து வரும் இவ்வாற்றையும் உள்ளடக்கி, 1892இல் சென்னை அரசும் மைசூர் அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன. உடன்படிக்கை இருந்தும் மேலிடத்து அணைகள் பற்றிய பூசல் ஓயவில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை தோற்பதனிடு தொழிலின் கழிவு ஆற்றிற் கலந்தது; இதனை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. இவற்றோடு மணற்கொள்ளையும் சேர்ந்தது.

மணல் அகற்றலால் நேரும் கேடு மேற்கண்ட சான்றுகளால் நன்கு விளங்கும். பாலாற்றில் மணலே நீரின் கலம். காஞ்சி நகரும் கல்பாக்கமும் ஆற்றுமணலில் இறக்கிய கிணறுகளிலிருந்தே நீர் பெற்றன. நீர் ஓடுவதையே ஆறு எனக் கொள்வோர் கண்ணுக்கு மணல் பயனற்ற பொருள். ஊற்றுக்கால் என்னும் சொல்லை அறிந்தோர்க்கு அதுவே ஆறு. ஒரு சொல்லை மறந்தமையால் ஓர் ஆற்றை இழக்கும் நிலைக்கு வந்துள்ளோம் என்பது மிகையன்று. 2021 நவம்பரில் பாலாறு இருகரையும் தொட்டு ஓடியபோது, பலர் இறந்த ஆறு உயிர்த்தது என்றனர். செப்பேட்டு மொழியிற் கூறின், வெள்ளக்காலுக்குரிய பருவம் வந்தது, அவ்வளவே. அவ்வெள்ளத்தை வாங்கிக் காக்கும் கால்கள் எத்தனை எஞ்சியிருந்தன என்பதே கேட்கத்தக்க வினா.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, ஒரினோகோவுக்கும் கங்கைக்கும் பொருந்திய படகு ஆய்வுமுறை பாலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும் உள்ளூர்ப் பெயரைப் போற்றுதல், நாள்தோறும் நேரிற் கண்டு குறித்தல் என்னும் அதன் நெறிகள் நமக்கும் வேண்டுவனவே. இரண்டாவது, படகுச் சான்று இன்மையால் பாலாற்றுக்கு வரலாறு இல்லை எனல் பொருந்தாது; செப்பேடும் கல்வெட்டும் ஊர்ப்பெயரும் திருவிழாவும் அதன் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன. மூன்றாவது, இச்சொற்களை இன்றும் வழங்கும் முதியோர் நாளும் குறைந்து வருகின்றனர்.

ஆதலின் தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு பணியை முன்வைக்கிறோம். செவிலிமேட்டிலிருந்து திருமுக்கூடல் வரை இருகரையும் நடந்து செல்க. வீரராசேந்திரன் காலத்தில் மருத்துவச்சாலை விளங்கியதைக் கூறும் கல்வெட்டு உள்ள திருமுக்கூடற் கோயில் அப்பயணத்திற்குத் தக்க எல்லை. கோடையில் ஒருமுறையும் மழைக்காலத்தில் ஒருமுறையும் செல்க. ஒவ்வோர் ஊரிலும் கால், மதகு, கலிங்கு, ஊற்று, துறை ஆகியவற்றின் பெயரையும், மீன், புள், புல், மரம் ஆகியவற்றிற்கு மக்கள் வழங்கும் பெயரையும் உழவரிடமும் வலைஞரிடமும் கேட்டு எழுதுக. எழுதியவற்றைச் செப்பேட்டுச் சொற்களோடு ஒப்பிடுக. அவ்வாறு தொகுக்கும் சொற்கோவை அகராதிக்கு மட்டுமன்றி, மணலும் ஏரியும் பற்றி முடிவு செய்வோர்க்கும் பயன்படும். "பறிச்சாத்தான் தெரியும்" என்று அம்முதியவர் கூறியது ஆற்றுக்கு மட்டுமன்று, நம் ஆராய்ச்சிக்கும் பொருந்தும்.